சயாமுக்குப் போனவரை ஏன் சிப்பாய் ஆக்கினோம்?



இந்தப் பதிவு சிலருக்குக் கசக்கும். எழுதிய எனக்கே கசந்தது. என் உறவினர் சிலர் இதைப் படித்துவிட்டு என்னோடு பேசாமல் போகலாம். ஆனாலும் ஓர் ஆசிரியன் இதைச் சொல்லாமல் விட்டால் வகுப்பறையில் நின்று 'உண்மையே பேசுங்கள்' என்று சொல்லும் தகுதியை இழந்துவிடுவான்.

ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் 'குடும்ப வரலாறு' என்று ஓர் இடுபணி கொடுத்திருந்தேன். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, மூன்று தலைமுறைக்கு முந்தைய ஒருவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வரவேண்டும். இருபத்திரண்டு பேர் எழுதி வந்தார்கள். அவர்களில் ஆறு பேரின் முன்னோர் நேதாஜியின் படையில் இருந்தவர்களாம். ஒருவர் 'தளபதி'. மற்றொருவர் நேதாஜியின் மெய்க்காவலர். ஒரு மாணவனின் தாளில் மட்டும் ஒரு வரி அழிப்பானால் தேய்க்கப்பட்டிருந்தது. தாளைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். 'என் பூட்டன் சயாமுக்குப் போனார். திரும்பி வரவில்லை' என்று இருந்தது.

ஏன் அழித்தாய் என்று கேட்டேன். "அப்பா எழுத வேணாம்னு சொன்னாரு சார். அது கூலி வேலைதானேன்னு சொன்னாரு."

அந்தத் தகப்பனாரை நான் குறை சொல்ல முடியாது. என் வீட்டில் எண்பது ஆண்டுகளாக இதைத்தான் செய்துவந்தோம்.

எங்கள் வீட்டுச் சிப்பாய்

ஜாசின் வட்டாரத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்த குடும்பம் எங்களுடையது. தாத்தாவும் பாட்டியும் பால்மரம் வெட்டியவர்கள். தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தார். எங்களுக்குச் சின்னத் தாத்தா. அவருக்குப் புகைப்படம் கிடையாது. அதனால் சாமி மேடைக்கு அருகில் தொங்கிய நேதாஜி படத்துக்குக் கீழேதான் ஆடி அமாவாசையன்று அவருக்குப் படையல் வைப்போம். "நேதாஜி பேச்சைக் கேட்டுப் பட்டாளத்துக்குப் போனான், பர்மாவுல செத்துட்டான்" என்பதுதான் எங்களுக்குச் சொல்லப்பட்ட வரலாறு. பள்ளிக்கூடத்தில் நானும் அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன்.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் படித்த நாள்களில், அவருடைய படைச் சேவைக்கு ஓர் ஆவணமாவது தேடி எடுத்து வீட்டில் சட்டமிட்டு மாட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆண்டுக்கணக்கில் விட்டு விட்டுத் தேடினேன். அந்தத் தேடலில் முதலில் அகப்பட்டவர் சின்னத் தாத்தா அல்லர். எங்கள் தோட்டத்துத் துரை.

துரைக்குக் கல்லறை உண்டு

போருக்கு முன்பு நீரிணைக் குடியேற்றங்களில் ஒரு தொண்டர் படை இருந்தது. அதன் முதல் இரண்டு பிரிவுகள் சிங்கப்பூரிலும், மூன்றாவது பினாங்கிலும், நான்காவது மலாக்காவிலும் இருந்தன. மலாய்க்காரர், சீனர், யூரேசியர் எனப் பல இனத்தவரும் அப்படையில் இருந்தனர். தோட்டங்களை நிர்வகித்த வெள்ளைக்காரத் துரைகள் பலர் வார இறுதிகளில் அதில் பயிற்சி எடுத்தவர்கள். 1942 ஜனவரி நடுவில் மலாக்கா ஜப்பானியர் கையில் விழுந்தது. தொண்டர்கள் சிங்கப்பூருக்குப் பின்வாங்கினார்கள். பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூரும் விழுந்தது. அகப்பட்டவர்கள் போர்க்கைதிகள் ஆனார்கள். அவர்களில் பலரைச் சயாம்-பர்மா இரயில்பாதை வேலைக்கு அனுப்பினார்கள்.

எங்கள் துரையின் பெயரைக் கணினியில் தட்டிய சில நிமிடங்களில் விவரம் வந்துவிட்டது. பெயர், படைப்பிரிவு, சேவை எண், இறந்த நாள், காஞ்சனாபுரி போர்க் கல்லறையில் எந்த வரிசையில் எத்தனையாவது கல் என்பது வரை இருந்தது. இரண்டு உலகப் போர்களிலும் பொதுநலவாயப் படைகளில் மாண்ட ஏறத்தாழ 17 இலட்சம் பேரின் பெயர்களைப் போர்க் கல்லறை ஆணையம் இப்படி வைத்திருக்கிறது. ஜப்பானியர் ஒவ்வொரு கைதிக்கும் எழுதிய அட்டைகளில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவை இலண்டனில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அந்தத் துரையின் பேரப்பிள்ளைகள் காஞ்சனாபுரிக்குச் சென்றால் பூ வைக்க ஓர் இடம் இருக்கிறது. அதில் எனக்கு எந்தப் பொறாமையும் இல்லை. அவரும் பட்டினியிலும் நோயிலும் செத்த மனிதர்தான்.

ஆனால் அதே பாதையில் வேலை செய்த நம்மவர்கள் எங்கே? அந்தப் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். அதில் வேலை செய்த நேசநாட்டுக் கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். மாண்டவர்கள் 12,000க்கும் மேல். ஆசியத் தொழிலாளர்களோ இரண்டு இலட்சத்தை ஒட்டியவர்கள். மலாயாவிலிருந்து மட்டும் ஏறத்தாழ 78,000 பேரைக் கொண்டு சென்றதாகவும், அவர்களில் ஏறத்தாழ 30,000 பேர் மாண்டதாகவும் ஜப்பானியர் தரப்புக் கணக்கே ஒப்புக்கொண்டது. உண்மையான சாவு அதைவிடக் கூடுதல் என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள்.

எண்ணிக்கையை மீண்டும் ஒருமுறை பாருங்கள். 30,000 சாவுக்குக் கணக்கு இருக்கிறது. ஆனால் முப்பது பெயர்களை நம்மால் சேர்ந்தாற்போல் சொல்ல முடியுமா? காஞ்சனாபுரிக் கல்லறையில் ஏறத்தாழ 7,000 கற்கள் நிற்கின்றன. அவை நேசநாட்டுப் படைவீரர்களுக்கு உரியவை. தோட்டத்திலிருந்து போன தொழிலாளிக்கு அங்கே ஒரு கல்கூடக் கிடையாது.

வெள்ளைக்காரன் நம் பெயரை எழுதவில்லை, ஜப்பான்காரன் எழுதவில்லை என்று இத்தனை காலம் புலம்பினோம். சரி. நாம் எழுதினோமா? எழுத வந்த ஒரு பிள்ளையையும் அழிப்பானை எடுக்க வைத்துவிட்டோமே!

2603 என்று ஓர் ஆண்டு

சின்னத் தாத்தாவைப் பற்றிய உண்மையை எந்த இராணுவ ஆவணமும் எனக்குச் சொல்லவில்லை. என் அத்தையின் பிறப்புப் பத்திரம் சொன்னது.

அத்தை எண்பதைக் கடந்தவர். மருத்துவமனைப் பதிவுக்காக அவருடைய பழைய பத்திரத்தைத் தேடிக்கொண்டிருந்தோம். தகரப் பெட்டியின் அடியிலிருந்து மடிப்பு நைந்துபோன ஒரு தாள் கிடைத்தது. பிறந்த ஆண்டு 2603 என்று எழுதியிருந்தது. என் தம்பி எழுத்துப்பிழை என்று சிரித்தான். பிழையன்று. ஜப்பானியர் தங்கள் பேரரசு ஆண்டைத்தான் ஆட்சிப் பத்திரங்களில் எழுதினார்கள். 2603 என்றால் 1943. மாதம் மே.

பாட்டி வாழ்நாள் முழுவதும் ஒரு வாக்கியம் சொல்லிக்கொண்டிருப்பார். "கொழுந்தன் போயி பதினாறாம் நாளு இவ பொறந்தா." அப்படியானால் சின்னத் தாத்தா வீட்டை விட்டுப் போனதும் 1943 மே மாதத்தையொட்டித்தான். ஆனால் நேதாஜி சிங்கப்பூரில் வந்திறங்கிய நாள் 1943 ஜூலை 2. அவர் பேச்சைக் கேட்டுத் தோட்டத்து இளைஞர்கள் திரளத் தொடங்கியது அதன் பிறகுதான். அதற்கு முன்பு 1942-இல் கேப்டன் மோகன் சிங் தலைமையில் ஒரு படை இருந்தது உண்மை. அது பெரும்பாலும் சிறைப்பட்ட இந்தியச் சிப்பாய்களைக் கொண்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் கலைந்தும் போனது. மாறாக, மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாமுக்கு ஆட்களை அவசர அவசரமாக அள்ளிக்கொண்டு போன காலம் 1943 ஏப்ரல் தொடங்கி அடுத்து வந்த மாதங்களே.

அத்தை முன்னால் அந்தத் தாளை வைத்து, நாள்களைக் கூட்டிக் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்.

"எங்கம்மா எங்கிட்ட மட்டும் சொல்லுச்சுப்பா. வூட்டுக்கு ஒருத்தருன்னு கிராணி பேரெழுதினாராம். எங்கப்பா பேருதான் எழுதியிருந்துச்சாம். அம்மா நெறமாசம். 'அண்ணி இப்படி இருக்கையில நீ போவாத, நான் போறேன்'னு சித்தப்பா போயிருச்சாம். மூணு மாசத்துல வந்துருவேன்னு சொல்லிட்டுத்தான் போச்சாம்."

பிறகு ஏன் பட்டாளத்துக்குப் போனதாகச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "சயாமுக்குப் புடிச்சிட்டுப் போனாங்கன்னு சொன்னா யாருப்பா மதிப்பா? அப்போ எல்லாரும் நேதாஜி நேதாஜின்னுதானே சொன்னாங்க."

வாசகர்களே, நாங்கள் எதை மறைத்தோம் என்று பாருங்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி கூலி என்று சொல்லித்தான் ஆள் சேர்த்தார்கள். யாரும் திரும்பி வராததைக் கண்டு மக்கள் ஒளியத் தொடங்கியதும், தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கட்டாயக் கணக்குப் போட்டார்கள். அப்படிப்பட்ட வேளையில் அண்ணனின் பெயருக்குப் பதிலாகத் தம்பி போயிருக்கிறார். என் தந்தை போருக்குப் பின் பிறந்தவர். தாத்தா போயிருந்தால் என் தந்தை இல்லை, நானும் இல்லை. துப்பாக்கி பிடிக்காத அந்த மனிதருக்கு நான் பட்டிருக்கும் கடன் அத்தகையது. அதை ஒரு பொய்ச் சீருடையால் மூடி வைத்திருந்தோம்.

பொய்யால் யாருக்கு நட்டம்?

"பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை வரட்டுமே, இதில் என்ன கேடு?" என்று ஒரு நண்பர் கேட்டார். ஒவ்வொரு ஜனவரி 23-ஆம் நாளும் மேடையேறி, இன்ன தோட்டத்திலிருந்து ஆயிரம் பேர் போனார்கள், இன்ன ஊரே திரண்டு போனது என்று கைதட்டல் வாங்குகிறவர்களும் இதையே கேட்பார்கள். மூன்று கேடுகளைச் சொல்கிறேன்.

முதலாவது, உண்மையாகவே படையில் சேர்ந்தவர்களுக்கு இது அவமதிப்பு. இந்தியத் தேசிய இராணுவத்தில் மலாயாவின் பொதுமக்கள் பல்லாயிரவர் சேர்ந்தார்கள். அவர்களில் தோட்டத் தமிழர்களே மிகுதி. 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் பயிற்சி முகாமைத் தொடங்கிய ஜான்சி ராணிப் படையில் பால்வெட்டும் குடும்பத்துப் பெண்கள் இருந்தார்கள். கேப்டன் இலட்சுமியையும் ஜானகி தேவரையும் நாம் அறிவோம். அவர்களுக்குப் பின்னால் அணிவகுத்த தோட்டத்துப் பெண்களில் எத்தனை பேரை அறிவோம்? எல்லாரையும் வீரர் பட்டியலில் சேர்த்துவிட்டால், பர்மாவில் நடந்தே தேய்ந்த உண்மையான வீரரும் கதையாகிவிடுவார். போலி நோட்டு பெருகினால் நல்ல நோட்டையும் கடைக்காரன் வாங்கமாட்டான்.

இரண்டாவது, வரலாறு சிக்கலானது என்பதை நம் பிள்ளைகள் அறியாமலே போகிறார்கள். நேதாஜியின் பேச்சில் தன்மானம் பெற்றுச் சேர்ந்தவர்கள் உண்டு. சோற்றுக்காகச் சேர்ந்தவர்கள் உண்டு. சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்ற அச்சத்தால் படையில் சேர்ந்து தப்பியவர்களும் உண்டு. படையும் பாதையும் ஒரே தோட்டத்து இளைஞன் முன்னால் அன்று கிடந்த இரண்டு வழிகள். ஒரு வழியை மட்டும் சொல்லி, மறுவழியை மறைப்பது வரலாறு ஆகுமா?

மூன்றாவதுதான் எனக்குப் பெருங்கவலை. கூலி வேலை செய்து செத்தவன் நினைக்கத் தகாதவன் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் சொல்கிறோம். நம் தமிழ்ப்பள்ளிகள் யாருடைய உழைப்பில் எழுந்தவை? மலாக்காவின் 21 தமிழ்ப்பள்ளிகளில் பலவற்றின் பெயரில் இன்றும் தோட்டத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறதே! கூலிக்காரன் என்று சொல்ல நாணுகிறவர் அந்தப் பெயர்ப்பலகையின் கீழ் எப்படி நிமிர்ந்து நிற்பார்?

'ஆவணமே இல்லை' என்பவர்களுக்கு

இது அடுத்த சாக்கு. ஆவணம் குறைவு என்பது உண்மை. அதற்குக் காரணமும் உண்டு. பிரிட்டிஷ் இந்தியப் படையிலிருந்து மாறிச் சென்ற சிப்பாய்க்குப் படை எண் இருந்தது. போருக்குப் பின் பிரிட்டிஷார் அவர்களை விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று வகைபிரித்தார்கள். ஆகவே தாள்கள் உண்டாயின. தோட்டத்திலிருந்து சேர்ந்தவரோ மன்னருக்குச் சத்தியம் செய்தவர் அல்லர். அவர்மீது இராணுவ வழக்கு இல்லை. வழக்கு இல்லாததால் கோப்பும் இல்லை. 1945-இல் ஆங்கிலேயர் திரும்பியதும் சிங்கப்பூர்க் கடற்கரையில் நேதாஜி எழுப்பிய நினைவுச்சின்னத்தையே வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதைக் கேள்விப்பட்ட குடும்பங்கள் எந்தத் தாளை வைத்திருக்கும்?

என்றாலும் தேட வழி இருக்கிறது. நான் கற்றுக்கொண்டதை ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் தருகிறேன்.

1. முதலில் வீட்டைத் தேடுங்கள். பிறப்பு, இறப்புப் பத்திரங்கள், அவசரகாலம் தொடங்கிய 1948-இலிருந்து வழங்கப்பட்ட பழைய அடையாள அட்டை, குடியுரிமைப் பத்திரம், தொழிற்சங்க அட்டை, கோயில் கணக்குப் புத்தகம் எல்லாமே ஆவணங்கள்தாம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் நான்.

2. குடும்பக் கதையைக் காலவரிசையோடு பொருத்துங்கள். 1942 பிப்ரவரி 15 சிங்கப்பூர் வீழ்ச்சி. 1943 ஜூலை 2 நேதாஜி வருகை. 1943 அக்டோபர் 17 இரயில்பாதையின் இரு முனைகளும் இணைந்தன. அக்டோபர் 21 சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அமைந்தது. 1944 மார்ச் முதல் ஜூலை வரை இம்பால் போர். 'போனது தீபாவளிக்கு முன்பா பின்பா, யார் பிறந்தபோது, யார் திருமணத்தின்போது' என்று கேட்டால் போதும். பாதி முடிச்சு அவிழ்ந்துவிடும்.

3. பெயரைப் பல எழுத்துக்கூட்டல்களில் தேடுங்கள். பழனியாண்டி என்ற பெயரைத் தோட்டத்துக் கிராணி ஒருவிதமாகவும் ஆங்கிலேய எழுத்தர் வேறுவிதமாகவும் எழுதியிருப்பார். ஜப்பானிய எழுத்தில் 'ல'கரமும் 'ர'கரமும் ஒன்றாகிவிடும். தகப்பன் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் சேர்த்தே தேடவேண்டும்.

4. காப்பகங்களைக் கேளுங்கள். இந்தியப் பாதுகாப்பு அமைச்சு 1997-இல் இந்தியத் தேசிய இராணுவம் தொடர்பான 990 கோப்புகளை டில்லியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைத்தது. கோலாலம்பூரில் நம் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகம் 1980-களின் தொடக்கத்திலிருந்து ஜப்பானியர் காலத்தைப் பற்றிய வாய்மொழி வரலாறுகளைப் பதிவுசெய்து வைத்திருக்கிறது.

5. வீட்டில் இருக்கும் முதியவரிடம் இன்றே உட்காருங்கள். கைப்பேசியில் பதிவுசெய்யுங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள். அந்தக் காலத்தை நேரில் கண்ட தலைமுறை ஏறத்தாழ முடிந்துவிட்டது. அவர்கள் சொல்லக் கேட்ட தலைமுறைதான் மிச்சம்.

எழுத்தாளர்கள் நம்மை முந்திக்கொண்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும். மலேசிய எழுத்தாளர்களான ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் சயாம் பாதையை நாவலாக்கிவிட்டார்கள். ஆசிரியர்களாகிய நாம் நம் மாணவரின் வீட்டுப் பெயர்களையாவது ஒரு குறிப்பேட்டில் திரட்டக் கூடாதா? ஒரு பள்ளிக்கு ஐந்து பெயர் என்றாலும் மலாக்காவில் மட்டும் நூறு பெயர்களைத் தாண்டும்.

இறுதியாக...

'நமக்கு இது பழைய வலி, கிளறாதீர்கள்' என்கிறார் ஒரு பெரியவர். வலியைக் கிளற நான் சொல்லவில்லை. வெட்கத்தை விடச் சொல்கிறேன். கட்டாயப்படுத்திக் கொண்டுபோனவன் வெட்கப்பட வேண்டும். போனவரின் பேரன் ஏன் வெட்கப்படுகிறான்?

கடந்த ஆடி அமாவாசையன்று எங்கள் வீட்டில் ஒரு மாற்றம் செய்தோம். நேதாஜி படம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அவரை மதிப்பதில் எங்களுக்கு எந்தக் குறைவும் இல்லை. அதற்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளில் சின்னத் தாத்தாவின் பெயரையும், தகப்பன் பெயரையும், தோட்டத்தின் பெயரையும் எழுதி, கீழே 'சயாம், 1943' என்று எழுதிச் சட்டமிட்டு மாட்டினோம். உறவினர் சிலர் அன்று வரவில்லை. அத்தை வந்திருந்தார். அந்தத் தாளின் முன்னால் நெடுநேரம் நின்றார்.

அந்த மாணவனின் தாளை நான் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். மதிப்பெண் போடவில்லை. அவன் தகப்பனாரைச் சந்தித்து என் வீட்டுக் கதையைச் சொன்னேன். "யோசிக்கிறேன் சார்" என்றார். அவர் யோசிக்கட்டும். அழித்த வரி இன்னும் தாளில் தெரிகிறது. அதன்மேல் மீண்டும் எழுத முடியும்.

பெற்றோர்களே, இந்தப் பள்ளி விடுமுறையில் உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். படையில் சேர்ந்தவர் என்றால் படையில் சேர்ந்தவர் என்று எழுதுங்கள். பாதை போடப் போனவர் என்றால் பாதை போடப் போனவர் என்று எழுதுங்கள். பிள்ளையின் கையில் எழுதுகோலைக் கொடுங்கள், அழிப்பானைக் கொடுக்காதீர்கள்.